பேரில்லாத துணி

மூன்று வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எசினாமின் இணையக் கடைக்குள் வந்து போயிருந்தார்கள். ஒருத்தி வாங்கினாள். அவள் எசினாமின் தங்கை.

"சனிக்கிழமை வரைக்கும் பொறுப்பேன்," என்றாள் யாவா அத்தை, கானா நாட்டு மக்கோலா சந்தைத் துணிக்கடையின் சொந்தக்காரி. "அந்த மஞ்சள் வட்டத் துணி நாற்பது பீஸும் போகணும். போகலேன்னா போனை மூட்டை கட்டி வெச்சுட்டு வந்து கடையில நின்னு கூவு."

கூவுவது எசினாமுக்கு வராது. அவள் குரல் எதிர்க்கடையைத் தாண்டாது. அவள் கூவினால் அக்கம்பக்கத்துக் கடைக்காரிகள் காதருகே கை குவித்துக் காட்டிச் சிரிப்பார்கள். அதற்குப் பயந்துதான் இந்த இணையக் கடையே.

அன்று மதியம் போன் அடித்தது.

"பதினேழாம் நம்பர் துணி. அதுக்குப் பேரு என்ன?"

"பதினேழுதாங்க."

"பதினேழை உடுத்திக்கிட்டு என் ஓரகத்தி முன்னாடி எப்படிம்மா நடக்கிறது?"

வைத்துவிட்டாள். எசினாம் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஊரில் துணியின் பேர்தான் உடுத்துகிறவளின் பேச்சு. பேரில்லாத துணியால் யாரைத் திட்ட முடியும்?

உட்கார்ந்து பேர் வைத்தாள். 'பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கம் போச்சு.' 'நீ பேசு, நான் நடக்கிறேன்.' 'உன் புருஷன் கண் எங்கே?' மஞ்சள் வட்டத்துக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. வெறும் பழுப்பில் வெறும் வட்டம்.

ஏழு பீஸ் போயிற்று. வட்டம் அசையவில்லை.

"வாங்கினவங்க பேரைப் போடு," என்றான் கடைப் பக்கத்தை அமைத்துக் கொடுத்த செலாசி. "ஒருத்தி வாங்குறதப் பார்த்தா நாலு பேர் வாங்குவாங்க. உலகம் பூரா இதான் வழி."

போட்டாள். 'ஓசு பேட்டை டெடே வாங்கியது: பக்கத்து வீட்டுக்காரிக்குத் தூக்கம் போச்சு' என்று திரையின் மூலையில் மின்னியது.

பத்து நிமிஷத்தில் போன்.

"டெடேக்குப் பக்கத்து வீடு யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நான்தான். கோர்க்கோர். எனக்கு நல்லாவே தூக்கம் வருது. பதிலுக்கு என்ன வெச்சிருக்கே?"

"'நீ பேசு, நான் நடக்கிறேன்'..."

"ரெண்டு அனுப்பு. என் பேரைப் பெருசாப் போடு."

டெடேயும் கோர்க்கோரும் ஒரே தேவாலயத்தில், ஒரே பாடகர் குழுவில், பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள். அந்த வாரம் முதுகோடு முதுகாக நின்று பாடினார்களாம்.

எசினாம் பயந்துபோனாள். பேர்களை எடுத்துவிட்டு, 'தேவாலயத் தெருவில் ஒருத்தி' என்று மாற்றினாள். மறுநாள் தேவாலயத் தெருவே போன் செய்தது.

"யாரு அந்த ஒருத்தி?"

"சொல்லக் கூடாதுங்க."

"அப்ப என்னைத்தான் சொல்லியிருக்கா!"

ஒவ்வொருத்தியும் பதில் துணி வாங்கினாள்.

"மன்னிப்புக் கேட்டுடு," என்றான் செலாசி. "ஒரே பொத்தான்."

அழுத்தினாள். 'உங்கள் சண்டைக்குக் காரணமானதற்கு வருந்துகிறோம்.' நம்பர் கொடுத்திருந்த அத்தனை பேருக்கும் போயிற்று. சண்டையே இல்லாதவர்கள் கூப்பிட்டார்கள்.

"என்னோட சண்டைக்கு நிக்கிறது யாரும்மா?"

வெள்ளிக்கிழமைக்குள் பேர் வைத்த துணியெல்லாம் தீர்ந்தது. வட்டம் நாற்பதும் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை சந்தைக்குள் இருபது பெண்கள் வந்தார்கள். பாடகர் குழு. முன்னால் டெடே. அவள் கையைக் கோத்துக்கொண்டு கோர்க்கோர். எசினாம் துணிக்கட்டுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"எங்கடி அவ?"

யாவா அத்தை கைகாட்டினாள். எசினாம் வெளியே வந்தாள்.

"மன்னிப்புச் செய்தி ரெண்டு பேருக்கும் வந்துச்சு. எங்களை மோத விட்டது நீதானா?"

தலையாட்டினாள்.

"வாயைத் திறக்க மாட்டியா?"

"அவ எப்பவுமே இப்படித்தான். போன்ல மட்டும்தான் சத்தம்," என்றாள் அத்தை.

இருபது பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். டெடே மஞ்சள் வட்டத்தை எடுத்து விரித்தாள்.

"இதுக்கு என்ன பேரு?"

எசினாம் கையை விரித்தாள்.

அவர்கள் கூடிக் குசுகுசுத்தார்கள். கோர்க்கோர் ஏதோ சொன்னாள். டெடே சிரித்த சிரிப்பில் தலைத்துணி அவிழ்ந்தது.

"ஆளுக்கு ரெண்டு. எல்லாத்தையும் கட்டு. பேரு நாங்க வெச்சாச்சு."

சிரித்துக்கொண்டே போனார்கள். கடைப் பலகை காலியாகக் கிடந்தது. யாவா அத்தை அதை ஒரு துடை துடைத்தாள்.

"கடைக்காரி வைக்கிற பேரு ஒரு மூட்டையோட சரி. வாங்குறவளுக வெச்ச பேரு இருபது வருஷம் விக்கும்டி. இன்னொரு மூட்டைக்கு இப்பவே சொல்லிடுறேன். நீ கூவ வேணாம். உன் போனைக் கட்டிக்கிட்டு இரு."

"என்ன பேரு அத்தை வெச்சாங்க?"

"காதுல விழலையே."

எசினாம் கடைப் பக்கத்தில் 'தீர்ந்தது' என்று எழுதினாள். "தீர்ந்தது!" என்று வாய்விட்டும் கத்தினாள். நாலு கடை தள்ளி இருந்தவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

மதியத்துக்குள் போன் அடித்தது. குமாசி நகரத்திலிருந்து யாரோ ஒரு கடைக்காரி.

"பாடகர் குழு போட்டோ பார்த்தேங்க. அந்த மஞ்சள் வட்டம், 'எசினாமின் வாய்', அறுபது பீஸ் வேணும்... ஆமா, பேசுறது யாருங்க?"