அகில உலக ஜெயகுமார் டயர் கடை

இணையத்தளத்தின் முதல் பக்கத்தில், முதல் பெயராகப் பிண வண்டி வந்து நின்றதற்குச் சசிதரன் காரணமில்லை. அகர வரிசைதான் காரணம். ஆனால் அகர வரிசையிடம் கைப்பேசி கிடையாது என்பதால் எல்லாரும் சசிதரனைத்தான் கூப்பிட்டார்கள்.

முதலில் கூப்பிட்டவர் ஜித்ராவில் டயர் கடை வைத்திருக்கும் ஜெயகுமார்.

"என்னா தம்பி இது? காலைல சாமி கும்பிட்டுட்டுப் போனைத் தொறந்தா, 'அமரர் ஊர்தி சேவை, இருபத்து நாலு மணி நேரமும்'னு வருது. டயர் மாத்த வர்றவன் அதப் பாத்துட்டுக் காடிய எடுப்பானா?"

"அண்ணே, அ-னாவுல ஆரம்பிக்கிற கடை அது ஒன்னுதான் இருக்கு. அதான் மொதல்ல வருது."

"அப்ப நீ ஆ-வன்னாவுலருந்து ஆரம்பி லா."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சிக் காணொளியிலும் சொல்லித் தரவில்லை.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள தமிழர் கடைகளையெல்லாம் ஓரிடத்தில் காட்டும் அந்தத் தளத்தை வணிகர் சங்கம் நடத்தியது. சசிதரன் வேலை பார்த்த தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போன பிறகு, சங்கத் தலைவர் சுப்பிரமணியம் தளத்தைச் சீர்படுத்தும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தார். சுப்பிரமணியம் அவனுக்கு மாமனார். ஆகவே வேலையும் கிடைத்தது, நிபந்தனையும் கிடைத்தது. தளத்தை ஒருவர் திறந்து பார்த்தால் அது ஒரு வருகை. நாளுக்கு நாற்பது வருகை வந்துகொண்டிருந்தது. ஆண்டுக் கூட்டத்துக்குள் அது இரண்டு மடங்காக வேண்டும். ஆகாவிட்டால் தளத்தை மூடிவிட்டு, அந்தக் காசில் காலண்டர் அடிப்பார்கள்.

தளம் மூடப்பட்டால் சசிதரனுக்கு வேறு வேலை தயாராக இருந்தது. பீடோங்கில் மாமனாரின் மாவு மில்லில், மிளகாய் அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அடுப்படியில் ரசம் தாளித்தாலே வாசலில் நின்று தும்முகிறவன் அவன். அந்த நாற்காலியை நினைத்தாலே மூக்கு அரித்தது.

அதனால்தான் அவன் மனசாரப் பாடுபட்டான். அதுவரை கடைகள் சங்கத்தில் சேர்ந்த வரிசைப்படி இருந்தன. பங்க்சர் ஒட்ட ஆள் தேடுகிறவன் மாவு மில், நகைக்கடை, பூக்கடை, ஜோசியர் என்று எல்லாரையும் கும்பிட்டுக் கடந்துதான் டயருக்குப் போகவேண்டும். வருகிறவருக்கு இது தொந்தரவு என்று அகர வரிசைக்கு மாற்றினான். அமரர் ஊர்தி மேலே ஏறியது. மாமனாரின் மில் 'சு'வோடு சேர்ந்து இரண்டாம் பக்கத்துக்கு இறங்கியது.

"ஏங்க, அப்பா மில்லு எங்க போச்சு?" என்று கேட்டாள் மனைவி ரமணி.

"ச வரிசையில பத்திரமா இருக்கு."

"அப்பா ரெண்டு தடவ தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தாங்க. அப்புறம் போனை வச்சுட்டாங்க. ஒன்னும் பேசல."

சுப்பிரமணியம் பேசாவிட்டால் மாமியார் பேசுவார். மாமியாரும் பேசாவிட்டால் மீன் பேசும். அன்றைக்கு மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் சசிதரனுக்கு வழக்கமாக விழும் நடுத்துண்டு வரவில்லை, வால் வந்தது.

பிண வண்டியை நகர்த்த ஜெயகுமாரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடையின் பெயரை மாற்றிக்கொண்டார். மறுநாள் தளத்தின் உச்சியில் 'அகில மலேசியா ஜெயகுமார் டயர் கடை' நின்றது. க-வுக்குப் பிறகுதான் ம வரும் என்று பள்ளிக்கூடத்தில் கற்றதை அவர் மறக்கவில்லை. அன்று மாலையே மற்றவர்களுக்கும் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. 'அகில உலகப் பூக்கடை' வந்தது. 'அகிலாண்ட முடிதிருத்தகம்' வந்தது. ஜெயகுமார் விடவில்லை, அவரும் அகில உலகம் ஆனார். பண்டார் பாருவில் ஒற்றை ஷட்டர் வைத்துத் தேங்காய் விற்கிறவர், அகிலத்துக்கு முன்னால் தம் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தாக ஓர் 'அ' போட்டுக்கொண்டார். அதன் பிறகு கெடாவில் பலருடைய தகப்பன்மார்களுக்கும், செத்துப்போனவர்கள் உட்பட, பெயர் மாறியது.

சுங்கை பட்டாணியில் விருந்துச் சமையல் எடுத்துச் செய்யும் பிரிஜெட்டுக்கு இந்தக் கணக்கு சரியாகப் பிடிபடவில்லை. அ-வில் தொடங்கினால் போதும் என்று நினைத்து 'அன்னை பிரிஜெட் சமையல்' என்று மாற்றிக்கொண்டார். அது அ வரிசையின் கடைசியில் போய் விழுந்தது. போதாததற்கு ஒரு போன் வேறு.

"தம்பி, எனக்கு ஒரு ஆள் போன் பண்ணி, 'சிஸ்டர், எங்க வயசான மாமியாரச் சேக்க அங்க எடம் இருக்கா'ன்னு கேக்குறாரு" என்றார் பிரிஜெட்.

"நீங்க என்னா சொன்னீங்க அக்கா?"

"நூறு பேருக்குக் கீழ ஆர்டர் எடுக்குறதில்லன்னு சொன்னேன்."

சசிதரனுக்குத் தலை சுற்றியது. ஆனால் வருகைக் கணக்கைத் திறந்து பார்த்தபோது சுற்றல் நின்றுவிட்டது. நாற்பது, எழுபதைத் தாண்டியிருந்தது. திட்டுகிறவர்கள் திட்டட்டும், வருகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அவனுக்கு உற்சாகம் பிறந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த தவறைச் செய்தான்.

அகர வரிசையை எடுத்துவிட்டு, நட்சத்திரம் வைத்தான். கடைக்கு வந்துபோனவர்கள் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம், கருத்தும் எழுதலாம். பெயர் போடத் தேவையில்லை. அதிக நட்சத்திரம் பெற்றவர் மேலே. இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் உண்டா என்று ரமணியிடம் கேட்டான். அவள் துணி மடித்துக்கொண்டே, "நம்ம ஆளுங்ககிட்டயா?" என்று மட்டும் கேட்டாள்.

பிரிஜெட்டின் பக்கத்தில் 'சாம்பாரில் உப்பே இல்லை' என்று ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு கருத்து வந்தது. அவருக்குப் போட்டியாகச் சுங்கை லாலாங்கில் சமையல் எடுத்துச் செய்யும் நளினியின் பக்கத்தில் 'உப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை' என்று அரைமணி நேரத்தில் பதில் கருத்து வந்தது. அமரர் ஊர்திக்கு யாரோ ஐந்து நட்சத்திரம் கொடுத்து 'குலுங்காத, நிதானமான பயணம்' என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் யாராக இருக்கும் என்று யோசிக்க யாருக்கும் துணிவில்லை.

ஜெயகுமாருக்கு மூன்று நட்சத்திரம் விழுந்தது. ஒன்று விழுந்திருந்தால்கூட எதிரி வேலை என்று விட்டிருப்பார். மூன்று என்றால் பாதி வேண்டியவன் ஒருவன் போட்டது.

"இது என் சம்பந்தி வேலதான். அந்த ஆளுதான் எதையும் முழுசாப் பாராட்ட மாட்டான்" என்றார்.

"அண்ணே, யாரோ கஸ்டமரா இருக்கும்."

"நீ பேர எடுத்துக் குடு. இல்லன்னா என் மகளோட தை மாசக் கல்யாணத்த நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

ஒரு பெண்ணின் கல்யாணம் நட்சத்திரத்தில் தொங்குவதைப் பார்க்கச் சசிதரனுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கே நட்சத்திரங்களை மொத்தமாகப் பிடுங்கினான். ஐந்து வைத்திருந்தவர்கள் அதற்கும் திட்டினார்கள். மாமியார் வீட்டில் இப்போது வால்கூட வரவில்லை, முட்டை வந்தது. வருகை மட்டும் நூற்றைம்பதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாக அவனுக்கு உண்மையிலேயே நல்ல யோசனை ஒன்று வந்தது. பெயரும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். தளத்தைத் திறக்கிறவர் எங்கே நிற்கிறாரோ, அவருக்கு அருகில் இருக்கும் கடை முதலில் வரட்டும். கைப்பேசிக்குத்தான் இடம் தெரியுமே. வருகிறவருக்கும் வசதி, எவரும் எவருக்கும் நிரந்தரமாக மேலே இல்லை.

இரண்டு நாளில் கெடா அமைதியானது. ஜெயகுமார் கூப்பிட்டு, "இப்பதான் தம்பி சரியா செஞ்சிருக்க. நான்தான் மொதல்ல வர்றேன்" என்றார். பூக்கடைக்காரரும் தாம்தான் முதல் என்று நன்றி சொன்னார். தேங்காய்க்காரரும் அதையே சொன்னார். சுப்பிரமணியம் மில்லில் உட்கார்ந்தபடி தளத்தைத் திறந்து, தம் மில் உச்சியில் இருப்பதைக் கண்டு, "மாப்பிள்ளைக்கு வெவரம் இருக்கு" என்று மகளிடம் சொன்னார். அன்று நடுத்துண்டு திரும்பி வந்தது.

வருகை முந்நூற்றைத் தொட்டது. எங்கிருந்தெல்லாம் திறக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தையும் சசிதரன் பார்த்தான். சிவப்புப் புள்ளிகள் வீடுகளில் மட்டும் இல்லை. பெட்ரோல் நிலையத்தில், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில், கோயில் வாசலில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் எல்லாம் இருந்தன. மக்கள் போகிற வழியெல்லாம் கடை தேடுகிறார்கள் என்று அவனுக்குக் கண் கலங்கியது. மிளகாய் நாற்காலி வெகுதூரத்துக்குப் போய்விட்டதாக நம்பினான்.

ஆண்டுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு பிரிஜெட். சசிதரன் மேடை ஏறி, பெருமிதத்தோடு, "எல்லாரும் போனை எடுத்து நம்ம தளத்தத் தொறந்து பாருங்க" என்றான்.

எல்லாரும் திறந்தார்கள். எல்லார் திரையிலும் உச்சியில் அமரர் ஊர்தி நின்றது.

அமரர் ஊர்தி வைத்திருக்கும் பரஞ்சோதி தம் வண்டிகளை அந்த மண்டபத்தின் பின்புறக் கொட்டகையில்தான் நிறுத்துகிறார் என்பது சசிதரனுக்குத் தெரியாது. அந்த மண்டபத்தில் எவர் நின்று திறந்தாலும் பரஞ்சோதிதான் முதல்.

"திரும்பவும் பொண வண்டியா?" என்று எழுந்தார் ஜெயகுமார். "நேத்து கடையில பாத்தப்பகூட நான்தான் மொதல்ல இருந்தேன். இப்ப நான் எங்க? ஆறாம் பக்கத்துல இருக்கேன்."

"ஜித்ரா எங்க இருக்கு, சுங்கை பட்டாணி எங்க இருக்கு அண்ணே?"

"அப்ப நான் வீட்ட விட்டு வெளிய வந்தா எனக்கு மரியாத கெடையாதா?"

பூக்கடைக்காரர், இந்த மண்டபத்தைக் கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள் மாலைக்குக் கடை தேடினால் என்ன வரும் என்று கேட்டார். தேங்காய்க்காரர் காலண்டரே அடித்துவிடலாம் என்றார். பரஞ்சோதி பாவம், எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, "யாரையும் நான் அவசரப்படுத்தல" என்று சொல்லி உட்கார்ந்தார். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. சுப்பிரமணியம் மருமகனைப் பார்த்த பார்வையில் மில் ஓடும் சத்தம் கேட்டது.

சசிதரன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். வருகைக் கணக்கைத் திரையில் போட்டான்.

"திட்டுங்க, பரவால்ல. ஆனா இதையும் பாருங்க. நாப்பது வருகைல ஆரம்பிச்சோம். ரெண்டு மடங்கு கேட்டீங்க. நேத்து ஒரே நாள்ல முந்நூத்தி இருபது."

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஜெயகுமார் மெல்ல உட்கார்ந்தார்.

"முந்நூத்தி இருபது பேரா நம்மளப் பாக்குறாங்க?" என்றார் தேங்காய்க்காரர், சட்டையைச் சரிசெய்துகொண்டே.

"எனக்கு அப்பவே தெரியும் லா" என்றார் ஜெயகுமார். "என்னை வெளிய நெறைய பேரு தேடுறாங்க."

தளம் தொடர வேண்டும், சசிதரனே இன்னும் ஓராண்டு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கை தூக்கினார்கள். தூக்காத கை ஒன்றுகூட இல்லை. சுப்பிரமணியம் எல்லார் முன்னாலும் மருமகனின் தோளில் தட்டினார். ரமணி பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சசிதரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலை போன நாளிலிருந்து அவன் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பிரிஜெட் அவன் இலையில் தாமே வந்து கறி வைத்தார். சந்தோஷத்தில் அவருக்கு அந்த வரைபடத்தைக் காட்டினான்.

"பாருங்க அக்கா, எத்தன புள்ளி. ஒவ்வொன்னும் ஒரு வருகை."

பிரிஜெட் கரண்டியை வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"இது எங்க வீட்டு அடுப்படி. இது நளினி வீடு. இங்க ஜித்ராவுல மொத்தமாக் கொட்டிக் கெடக்குறது ஜெயகுமார் டயர் கடை. இது உங்க மாமா மில்லு" என்று ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், நிமிர்ந்து, பெரிய பாரம் இறங்கியவராகச் சொன்னார்:

"நளினி எனக்கு மேல இருக்காளா கீழ இருக்காளான்னு, போற எடமெல்லாம் நான் ஒருத்திதான் இதத் தொறந்து தொறந்து பாக்குறேன்னு இத்தன நாளா வெக்கப்பட்டுக்கிட்டிருந்தேன் தம்பி, இப்பதானே தெரியுது, மொத்தச் சங்கமும் அதத்தான் செஞ்சிருக்கு."