உட்கார்ந்தே தோண்டிய இரண்டு பள்ளங்கள்

நந்திதுர்க், கே.ஜி.எஃப்.
ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்குப் பிறகு

தோலா சிந்தெடிக்கா என்று முடிவு தெரியாமல் பெங்களூரில் ஒற்றைக் காலில் நிற்கும் என் தாய்மாமா உயர்திரு ராஜேந்திரன் அவர்களுக்கு, மருமகன் விநாயக் இங்கே இரண்டு காலிலும் நின்றபடி எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, நைனா, அக்கா சுனிதா, தண்ணீர் வராத குழாய் அனைவரும் சௌக்கியம். அங்கு அத்தையும் உங்கள் கியர் சைக்கிளும் சௌக்கியமா? யாரை முதலில் விசாரித்தால் யார் கோபித்துக்கொள்வார் என்று தெரியாததால் இருவரையும் ஒரே வரியில் விசாரித்துவிட்டேன்.

நிற்க. நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் வேண்டுமானால் உட்காரலாம்.

ஓர் அறிவிப்பு. நேற்று, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, சம்பங்கி சைக்கிள் கடை வாசலில், பலர் முன்னிலையில், உங்கள் தோல் சீட்டின் இடது பக்கத்தில் இரண்டாவது பள்ளம் விழுந்திருப்பது ஸ்கேல் வைத்துக் கண்டுபிடிக்கப்பட்டது. வலது பள்ளம் எட்டு நாளைக்கு முன்பே விழுந்துவிட்டது. பள்ளங்கள் இரண்டும் நலம். பலர் என்று எழுதியது நான், சம்பங்கி, பஞ்சர் ஒட்ட வந்த ஒரு பெரியவர் ஆகிய மூவரை. தங்கத்துக்காக நூறு வருஷத்துக்கு மேல் பள்ளம் தோண்டிய ஊர் இது. மெஷின் இல்லாமல், வெடி வைக்காமல், ஷிப்ட் சங்கு ஊதாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பள்ளம் தோண்டிய முதல் ஆள் உங்கள் மருமகன்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி ஆதியிலிருந்து வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஆதியில் நீங்கள் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தீர்கள். உள்ளே இரண்டு சீட்டு. ஒன்று கறுப்பு சிந்தெடிக், தொட்டால் பன் மாதிரி அமுங்கும், நடுவில் ஓட்டை வேறு. இன்னொன்று பழுப்புத் தோல், தட்டினால் கதவு தட்டுற சத்தம் வரும். நவம்பரில் பாண்டிச்சேரி வரைக்கும் சைக்கிளில் போகப்போகிறீர்கள், எந்த சீட்டு சுகம் என்று நான் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், கூடவே தோல் சீட்டை ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கியும் தர வேண்டும் என்றீர்கள். அம்மா அப்பவே கேட்டாங்க, "ஏன்டா ராஜேந்திரா, நீ உக்கார்ற சீட்டுக்கு இவன் ஏன்டா உக்காந்து தேயணும்?" நீங்க சொன்னீங்க, "தோலுன்னா அப்பிடித்தான்க்கா. உக்கார்ற ஆளுக்கு ஏத்த மாதிரி அது பள்ளம் விழணும். எனக்கு ஆபீஸ் கீது, இவன் சும்மாதானே கீறான்." நான் சும்மா இல்லை, பி.யு.சி. படிக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறக்கும்போதுதான், பழக்கித் தந்தா உங்க பழைய கியர் சைக்கிள் எனக்குன்னு சொன்னீங்க. திறந்த வாயை அப்படியே சிரிப்பா மாத்திக்கிட்டேன். பாலகாட் மேட்டுல என் ஃப்ரெண்டு நோயல் கியரை மாத்தி மாத்தி உட்கார்ந்துக்கினே ஏறுவான், நான் இறங்கித் தள்ளிக்கினு ஏறுவேன். மேலே போய் நின்னுக்கினு, "மெதுவா வா மச்சா, சைக்கிளுக்கு மூச்சு வாங்குது"ன்னு கத்துவான். அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த உலகத்துல எந்த சீட்டுல வேணாலும் உட்காரலாம் மாமா.

உட்கார்ந்தேன். இருக்கைன்னு யாரு பேரு வச்சாங்களோ தெரியலை, தோல் சீட்டுல உட்கார்ந்தா இரு கையும் ஹேண்டிலை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிச்சுக்க வேண்டியிருக்கு. தோலில் ஆரம்பிக்கிற எல்லாமே தோல்வியில முடியும்னு முதல் நாளே தோணுச்சு. அம்மா பாவம் பார்த்து, இளகட்டும்னு தேங்காய் எண்ணெயைக் கால் பாட்டில் ஊத்தித் தேச்சுட்டாங்க. சீட்டு இளகலை, சாயம் இளகிச்சு. வெள்ளை பேன்ட்டுல காலேஜுக்குப் போனவன், பின்னால இரண்டு பழுப்பு நிலாவோட கிளாஸ்ல நுழைஞ்சேன். கன்னட மேடம் அட்டெண்டன்ஸ் எடுக்கிறதை நிறுத்திட்டு, "ஏனோ இது, விநாயக்?"ன்னாங்க. "பரிசோதனை மேடம்"னேன். "முந்தே பரபேடா, ஹிந்தே கூத்கோ"ன்னு, முன்னால வரவே கூடாதுன்னு, கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. நான் எப்பவும் உட்கார்ற பெஞ்சுதான், ஆனா இந்த வாட்டி அனுமதியோட.

அடுத்து பூதிகோட்டை ரோடு. டீக்கடையில சைக்கிளை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்த்தா, ஒரு பசு மாடு சீட்டை நக்கிக்கினு இருக்குது. தேங்காய் எண்ணெய் வாசனைன்னு நான் நினைச்சேன். பக்கத்துல நம்ம கொர்னேலியஸ் அங்கிள், அதான், லைன் லைனா சைக்கிள்ல பெட்டி கட்டி பிரெட்டு பன்னு விக்கிறவர், உங்களுக்கும் அவருக்கும் ஒரே அளவு சட்டைன்னு அம்மா கிண்டல் பண்ணுவாங்களே, அவர்தான், டீயைக் கீழே வச்சிட்டு ரொம்ப மரியாதையா எழுந்து நின்னார். "விரட்டாதடா விநாயக்கு. அது துக்கம் விசாரிக்க வந்துக்கீது."

இனி சிந்தெடிக். முதல் இருபது நிமிஷம் கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி, வாங்க வாங்கன்னு அப்படி ஒரு உபசரிப்பு. பத்து மணி வெயில்ல நிறுத்திட்டு வந்து உட்கார்ந்தா தோசைக்கல்லு. அதுக்கப்புறம் வேர்வை. சிந்தெடிக்னா என்னன்னு எனக்கு அன்னைக்குத்தான் விளங்குச்சு, வேர்வை சிந்தும் டிக்கி. ஆனா உண்மையான குணம் மழையிலதான் தெரியும். எங்க தெருப் பூனை நகம் தீட்டி ஓரத்துல ஒரு கிழிசல் வச்சிருந்தது. ராத்திரி பெய்ஞ்ச மழையை எல்லாம் உள்ள இருக்கிற நுரை குடிச்சிட்டு, மேலுக்கு நல்ல பிள்ளையா காய்ஞ்சு கிடந்தது. நான் போட்டிருந்தது வெளுத்த காக்கி பேன்ட். உட்கார்ந்தேன். குடிச்சதை எல்லாம் எனக்குக் கொடுத்திருச்சு. ராபர்ட்சன்பேட் பஸ் ஸ்டாண்டுல இறங்கி நடந்தவன், "மழை, மழை"ன்னு யாரும் கேட்காமலே பத்து பேருக்கு விளக்கம் சொன்னேன். வானம் நீலமா இருந்தது, ஒருத்தரும் நம்பலை.

இருந்தும் விட்டேனா? தோல் சீட்டிலேயே தினம் விடிகாலை அஞ்சரைக்குக் கிளம்பி பாலகாட், நந்திதுர்க், சாம்பியன் ரீஃப்னு இருபத்தஞ்சு கிலோமீட்டர். சுரங்கக் கழிவைக் கொட்டி வச்ச சயனைட் மேட்டுக் காத்து மணலை அள்ளி மூஞ்சியில அடிச்சாலும் அசரலை. நீங்க போன்ல இறக்கிக் கொடுத்த ஆப்புல ஒவ்வொரு நாளும் கணக்கா வந்திருக்கும். நூறு அடிக்கு ஒரு வாட்டி ஏன்டா இரண்டு நிமிஷம் நிக்கிறேன்னு கேட்டு மெசேஜ் போட்டிருந்தீங்க. அதுக்குப் பேரு இன்டர்வல் பயிற்சி மாமா, பெரிய வீரர்கள் எல்லாம் அப்படித்தான் செய்றாங்களாம். செவ்வாய்க்கிழமை காலையில நீங்க கூப்பிட்டப்போ ஒரு ஆம்பளைக் குரல், "பன்னா, பிரெட்டா, சீக்கிரம் சொல்லுமா"ன்னு கேட்டதா சொன்னீங்களே, அது நெட்வொர்க் கோளாறு. நம்ம ஊர்ல டவர் வீக்கு.

ஆக, ரிப்போர்ட்டின் முடிவு: சிந்தெடிக் முதல் நாளே சிரிச்சுப் பேசி மூணாம் வாரம் காலை வாரும். தோல் முதல் வாரம் முறைக்கும், அப்புறம் உங்க உடம்பை அதுவே மனப்பாடம் பண்ணிக்கும், பிறகு சீட்டு இருக்கிறதே தெரியாது. பாண்டிச்சேரிக்குத் தோல்தான். நாளை காலை அஞ்சு மணி ரயில்ல வேலைக்கு வரும் நைனா கையில் அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஒரே ஆளாக, ஒரே மூச்சாக மிதித்த வீரனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தங்களுக்குத் தெரியும். கியர் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து வைக்கவும்.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் பாதங்களுக்கும், பாண்டிச்சேரி போய்ச் சேர்வதற்குள் வலிக்கப்போகும் மற்ற பாகங்களுக்கும் என் பணிவான வணக்கங்கள்.

இப்படிக்கு,
இரு பள்ளங்களின் தந்தை,
வே. விநாயக்

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்கு முன்னால சுனிதா அக்கா புடுங்கிப் படிச்சிட்டா. படிச்சிட்டு, "நீயே உண்மைய எழுதுறியா, நான் மாமாவுக்கு போன் போடட்டுமா?"ன்னு பக்கத்துலயே நிக்கிறா. அதனால நான் உட்கார்ந்து எழுதுறேன். நல்லாவே உட்கார முடியுது.

தோல் சீட்டுல நான் ஓட்டினது மொத்தம் முப்பத்திரண்டு கிலோமீட்டர். எண்ணெய் தேச்சு காலேஜுக்குப் போன நாளும் பூதிகோட்டை போன நாளும் மட்டும்தான். அதுலயும் பாதி நின்னுக்கினே மிதிச்சது. மாடு நக்கின அன்னைக்குத்தான் டீக்கடையில கொர்னேலியஸ் அங்கிளைப் பின்னாலிருந்து பார்த்தேன். மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்களே உட்கார்ந்திருக்கீங்கன்னு நினைச்சேன். நான் நாற்பத்திமூணு கிலோ. நான் உட்கார்ந்தா தோல்ல இல்லை, தோசை மாவுலகூடப் பள்ளம் விழாது. அப்படியே விழுந்தாலும் அது எனக்கு ஏத்த பள்ளம், உங்களுக்கு எதுக்கு? உங்க அளவுல ஒரு ஆளை உட்கார வைக்கிறதுதானே நியாயம்? அதனால அங்கிள்கிட்ட, பெங்களூர் சீட்டு கம்பெனி ஒண்ணு நம்ம ஊர்ல தகுதியான ஒருத்தரைப் பரிசோதனைக்குத் தேடுது, உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்கன்னு அளந்து விட்டேன். "என்னையா? மாதாவே! அவங்களுக்கு என்னை எப்பிடிடா தெரியும்?"ன்னார். "அவங்களுக்கு எல்லாம் தெரியும் அங்கிள்"னேன். சம்பங்கி தோல் சீட்டை அவர் சைக்கிள்ல மாட்டிக் கொடுத்தார். என் போன் தினம் காலையில பிரெட்டுப் பெட்டிக்குள்ள போச்சு. நான் போர்வைக்குள்ள போனேன். அந்த ஐந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டரும் நிஜம்தான், நின்ன நிறுத்தம் எல்லாம் பன்னுதான்.

சேட்டை அதோட முடிஞ்சிருந்தா சீட்டு இப்ப பெட்டியில இருந்திருக்கும். நேத்து சம்பங்கி கடையில பள்ளத்தை அளந்து முடிச்சதும் (பஞ்சர் ஒட்ட வந்த பெரியவர்னு எழுதினேனே, அது அங்கிள்தான்), சாயங்காலம் சீட்டைக் கழட்ட ஸ்பேனரை எடுத்துக்கினு அங்கிள் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிச்சுக்கினு இருந்தார். அவர் சம்சாரம் ஆனி ஆன்ட்டி, "வாடா, இவரு உக்காந்து டீ குடிக்கிறத வந்து பாரு, அதிசயம்"னாங்க. எனக்குப் புரியலை. "பதினாலு வருஷமா வியாபாரம் முடிஞ்சி வந்தா குப்புறப் படுத்துக்குவாருடா. அந்தப் பழைய சீட்டு மேல துண்டு சுத்தி, துண்டு மேல பிளாஸ்டிக் கவர் சுத்தி, அப்பவும் வலி. இப்ப பத்து நாளா மனுஷன் உக்கார்றாரு." அங்கிள் என்னைப் பார்த்து, "சீட்டத் திரும்பக் கேக்குறாங்களாடா கம்பெனில?"ன்னார். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார், ஆனா டீ டம்ளரைக் கீழே வச்சிட்டார்.

பாக்கெட்டுல ஸ்பேனர் இருந்துச்சு மாமா. கையும் உள்ளதான் இருந்துச்சு. "இல்லை அங்கிள், சீட்டு லூசா இருக்கான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க"ன்னு சொல்லி, இருந்த நட்டை இன்னும் ஒரு சுத்து டைட் பண்ணிட்டு வந்துட்டேன்.

அதனால பெட்டியில வர்றது சிந்தெடிக். கிழிசலுக்கு சம்பங்கி டியூப் ரப்பர் வச்சு ஒட்டிட்டார், தண்ணி குடிக்காது. கியர் சைக்கிளைத் துடைக்க வேணாம், இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நோயலுக்குப் பின்னால தள்ளிக்கினு ஏறுறது எனக்குப் பழக்கம்தான். சீட்டுக்கு அடியில நாலா மடிச்ச ஒரு தாளும் இருக்கும். கம்பெனிக்கு நன்றி சொல்லணும்னு அங்கிள் சொல்லச் சொல்ல நான் எழுதினது, கடைசி வரியும் கையெழுத்தும் மட்டும் அவரோடது. "கம்பெனி மேனேஜர் அவர்களுக்கு"ன்னு போட்டிருக்கும். அது நீங்கதான். பதில் வருமாடான்னு அவர் மூணு வாட்டி கேட்டுட்டார், கண்டிப்பா வரும்னு சொல்லி வச்சிருக்கேன். திட்டுறதை எனக்குத் தனித் தாள்ல எழுதுங்க மாமா. அவருக்கு எழுதுற தாள்ல மட்டும் மேலே நல்லதா ஒரு கம்பெனி பேரு போட்டுடுங்க.