தொட்டியில் இருக்கும் கொடுவா குறித்து

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் நலமும் தங்கள் படகின் நலமும் விழைகிறேன். பின்னால் குழப்பம் வராதிருக்க முதலில் பதிவு செய்பவை:

1. இதை எழுதும் நான் தங்கள் அக்காவின் கணவன். மீன்வளத் துறையில் சட்ட வரைவாளன்.
2. கரையோரக் கொடுவா மீன்களின் பாதுகாப்பு விதிகளை எழுதியவன் நானே.
3. எங்கள் குளியலறைத் தொட்டியில் தற்போது இருக்கும் கொடுவாவை நான் பிடிக்கவில்லை.

கழிமுகத்தில் தங்கள் வலையில் உயிரோடு சிக்கிய அந்தச் சிறிய கொடுவாவை அங்கேயே விட்டிருந்தால் இக்கடிதத்துக்கு வேலையில்லை. தாங்களோ பயந்துபோய், வாளியோடு வீட்டுக்கு வந்து, "சட்டம் எழுதுனவரு நீங்க, நீங்களே ஒரு வழி சொல்லுங்க அத்தான்" என்று வைத்துவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டீர்கள். வழி தேடினேன். அளவில் சிறிய கொடுவாவைப் பிடிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது, கொடுப்பது, வாங்குவது அனைத்தும் குற்றமென்று ஒரே வாக்கியத்தில், நானே மெச்சிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன். கடலில் விடலாம், ஆனால் பிடித்த இடத்திலேயே, உடனடியாக விட வேண்டும். அந்த 'உடனடி' முடிந்துபோயிற்று. தெருவில் இறங்கினால் கொண்டுசெல்லல், நின்றால் வைத்திருத்தல். எதற்கும் துணியாமல் வாசற்படியில் நான் ஒரு காலைத் தூக்கியபடி யோசித்துக்கொண்டிருந்தபோது, தங்கள் அக்கா வாளியை வாங்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். ஆக, கொடுப்பதும் வாங்குவதும்கூட நடந்தேறின. நல்லவேளை, கொடுவாவுக்கு நல்ல தண்ணீரும் ஒத்துக்கொள்ளும்.

ஞாயிறு பிற்பகல் என் மேலதிகாரி ஏதோ சந்தேகம் கேட்க வீடு தேடி வந்தார். கொடுவா விஷயத்தில் அவர் ஈவிரக்கம் பார்க்காதவர். கண்ணில் பட்டால் தங்கள் படகின் உரிமம் அன்றே ரத்து. அவர் கைகழுவ எழுந்த நேரம் பார்த்துக் குளியலறைக்குள் தொபுக்கென்று ஒரு சத்தம்.

"உள்ள யாரு?"

"தம்பி குளிக்கிறான்" என்றாள் தங்கள் அக்கா. மீனை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"படகு வச்சிருக்கற தம்பியா? கடல்ல கிடந்தது போதாதா அவனுக்கு?"

"தண்ணின்னா அவனுக்கு உயிருங்க. வெளிய எடுத்தா துடிச்சிருவான்."

நெடுநேரம் காத்திருந்து, தம்பிக்குக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று சொல்லி, கைகழுவாமலே அவர் போய்விட்டார். அவள் கூறியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எனினும் ஞாயிறன்று தாங்கள் எங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தீர்கள் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

அது போகட்டும். மாலை வெயில் ஜன்னல் வழியே தொட்டியில் இறங்கியதும் குளியலறைச் சுவரெல்லாம் அலையடிக்கிறது. நான் முக்காலி போட்டு உட்கார்ந்து விதிகளை வாசிக்கிறேன். தொட்டித் தம்பி ஒவ்வோர் உட்பிரிவுக்கும் மெல்ல வாய் திறந்து மூடுகிறான். கொடுவா ஆணாகப் பிறந்து, பெரிதானபின் பெண்ணாகி முட்டையிடும் இனம். வலைக்குத் தப்பினால் இந்தத் தம்பியும் ஒருநாள் தாயாகலாம் என்று எண்ணும்போது என்னமோ மாதிரி ஆகிவிடுகிறது. அலுவலகத்தில் கண் அயர்ந்தால் நடைவழியெல்லாம் கடல் நிரம்புகிறது. கோப்புகள் துடுப்பசைத்து நீந்திப் போகின்றன. நானும் மிதக்கிறேன், யாரும் என்னை அளவெடுப்பதில்லை. இது நீடித்தால் உத்தியோகத்துக்கு ஆகாது.

ஆதலால், தாங்கள் கரையேறிய உடனே வந்து, அவனைப் பிடித்த அதே கழிமுகத்தில் விட்டுவிடக் கோருகிறேன். வாளியை நான் பிடித்துக்கொள்கிறேன், வருவது வரட்டும். கடல் அமைதியாகவும், வலை கனமாகவும், உரிமம் பத்திரமாகவும் இருக்க எங்கள் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்
(கையொப்பம்)

பின்குறிப்பு: உறையிலிடும் முன் இதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கோரிக்கைப் பத்தி வந்ததும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். எனவே ஒரு திருத்தம்: மூன்றாம் கூற்றில் 'நான் பிடிக்கவில்லை' என்பதை நீக்கி, 'எனக்குப் பிடித்துவிட்டது' என்று வாசிக்கவும். பிடித்தல் என்பது வலையாலோ, தூண்டிலாலோ, வேறு எவ்வகையாலோ நிகழலாம் என்று விதியில் விளக்கம் எழுதியவன் நான். அதென்ன வேறு வகை என்று மேலதிகாரி அன்று கேட்டபோது பதில் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அளவு வந்துவிட்டால் சட்டம் அவனைக் காப்பாற்றாது. யாராவது காப்பாற்ற வேண்டுமல்லவா? மேலே கோரிய எதுவும் செல்லாது. வர வேண்டாம். வந்தே தீருவதென்றால் பெரிய தொட்டியாக ஒன்று பார்த்து வாங்கி வரவும்.

பின்குறிப்புக்கும் சேர்த்துச் சாட்சிகள்:
1. தங்கள் அக்கா
2. தம்பி (தாங்கள் அல்ல; வால் பட்டுத் தாள் நனைந்திருக்கும் இடம்)