போட்டுடைப்பானின் பெட்டி

இரண்டாவது மாடியிலிருந்து விழுந்த ஹெல்மெட்டுக்குள் போட்டுடைப்பான் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே வைத்திருந்த வேகம் அளக்கும் பெட்டி மறுபடியும் வாயைப் பிளந்திருந்தது. பேட்டரி ஒரு மூலையில், ஒயர் ஒரு மூலையில்.

ஹெல்மெட் கம்பெனியில் அவருக்கு வேலையே, தயாரான ஹெல்மெட்டுகளை உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பதுதான். அதனால் ஊருக்கெல்லாம் அவர் போட்டுடைப்பான். வீட்டில் மனைவி அவர் கையில் கண்ணாடி டம்ளரைக் கொடுப்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை, ஹெல்மெட்டுக்கு முத்திரை போடும் தர அதிகாரி வருகிறார். ஹெல்மெட் என்ன வேகத்தில் தரையில் மோதுகிறது என்று காட்ட, தலை இருக்க வேண்டிய இடத்தில் உட்காரும் ஒரு கருவி வேண்டும். கையில் தூக்கிப் போகிற மாதிரி, விழுந்தாலும் உடையாத மாதிரி. அது முடியாவிட்டால் அவருக்குப் பழையபடி பசை ஒட்டும் பிரிவுதான் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி வேறு யாருமில்லை, போட்டுடைப்பான் மனைவியின் அண்ணன். சொந்தக்காரர் என்பதால் கண்டிப்பு இரண்டு மடங்கு.

போட்டுடைப்பான் அசரவில்லை. பெட்டிக்குள் பஞ்சு அடைத்தார். பஞ்சு பத்திரமாக இருந்தது, பெட்டி போயிற்று. வெளியே தடித்த ரப்பர் சுற்றினார். முழங்காலால் அழுத்தி ஹெல்மெட்டுக்குள் திணித்துப் போட்டதில், அது துள்ளிப் போய் பாக்கிங் அக்காவின் மேஜைமேல் உட்கார்ந்தது. அந்த அக்கா அன்று முழுக்க ஹெல்மெட் மாட்டிக்கொண்டே பாக்கிங் செய்தார்.

கடைசியில் வீட்டு எவர்சில்வர் டப்பாவில் கருவியைப் பொருத்தினார்.

"ஏங்க, சாப்பாடு கட்ட டப்பாவை எடுத்தா உள்ள ஸ்க்ரூ இருக்கு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கம்மா."

"அப்ப அதுவரைக்கும் சாப்பாட்டை ஹெல்மெட்ல கொண்டு போங்க."

எவர்சில்வர் டப்பா நசுங்கியது. ஹெல்மெட்டும் நீளமாக விரிசல் விட்டது. முதலாளி ஓடி வந்து விரிசலைத் தடவிப் பார்த்தார்.

"மாப்ளே, உங்க டப்பா என் ஹெல்மெட்டை உடைக்குது."

அதுவும் நியாயம்தான் என்று போட்டுடைப்பானுக்குப் பட்டது. டப்பாவுக்குள் ரப்பர் வைத்து, ராத்திரி பகலாகக் கருவியைத்தான் திருத்தித் திருத்திப் போட்டுப் பார்த்தார்; ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டன.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து, குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டடியில் நின்றார். பக்கத்தில் முதலாளி. மேலே சோதனை அறையில் விரிசல் இல்லாத ஹெல்மெட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. போட்டுடைப்பான் தேடி ஓடினார். முதலாளி அறை வாசலில் கறுப்பாக ஒன்று மாட்டியிருந்தது. எடுத்துப் பெட்டியைப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு கீழே விட்டார்.

டொக்.

இறங்கி வந்து பார்த்தால் பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணிக்கு முப்பத்தொன்பது கிலோமீட்டர். அதிகாரி தாளில் போட்டு வைத்திருந்த கணக்கும் அதேதான். இன்னும் இரண்டு முறை போடச் சொன்னார். அதே முப்பத்தொன்பது. இனிமேல் பசை நாற்றம் இல்லை என்று நினைத்ததும் போட்டுடைப்பானுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"பெட்டி பாஸ். ஹெல்மெட்டும் பாஸ். இந்த மாடலுக்கே முத்திரை போட்டுடலாம். இது உங்க தயாரிப்புல எந்த மாடல்?"

முதலாளி ஹெல்மெட்டை வாங்கி, மாடல் பெயரைத் தேடுவதுபோல் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கு உதவியாக, வாசல் காவலாளிதான் பணிவாக முன்னால் வந்தார்.

"அது நம்ம தயாரிப்பு இல்லீங்க சார். ஐயா அவர் தலைக்குன்னு வெளியில வாங்கி வச்சிருக்கிறது."