நான் நிறுத்திய கல்யாணம்

ஒரு பொருளோடு வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர்கள் உலகத்தில் இரண்டே வகை. வேறு வேலை இல்லாதவர்கள் ஒரு வகை. வீட்டிலேயே முதன்முதலாகப் படித்தவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது. அப்பா லாரி ஓட்டினார். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைக் கொண்டுபோய் விடத்தான். அதனால் எங்கள் வீட்டுக்கு எழுத்து எந்த வடிவத்தில் வந்தாலும், நகர மன்றக் கடிதமோ மின்விசிறிக் கையேடோ, "குமரேசா, என்ன போட்டிருக்கான் பாரு" என்று என் கைக்குத்தான் வரும். நானும் நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல் வாசிப்பேன். (எங்கள் ரைஸ் குக்கரின் உத்தரவாத நிபந்தனைகள் எனக்கு இன்றும் மனப்பாடம்.)

இந்த நல்ல பழக்கத்தால்தான் ஒரு கல்யாணம் நின்றது. சில விநாடிகள்தான். ஆனால் நின்றது.

பாலிடெக்னிக் படிப்பு முடிந்த கையோடு, சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜெயா அக்காவின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். அக்காவிடம் சின்ன டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன. ஓடியாடி எடுக்கும் படங்களுக்கு அவை போதும். ஆனால் மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, குடும்பப் படம் ஆகிய மூன்றையும் மீடியம் ஃபார்மட் பிலிமில்தான் எடுப்பார். வழக்கமான பிலிமைவிட அகலமானது அது. சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் பட்டுச்சேலையின் இழை தெரியும். ஒரே சிக்கல், ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான். முடிந்ததும் மாற்ற வேண்டும்.

அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். தாலி கட்டும் நேரம் நெருங்கும்போது இடது கையை உயர்த்துவார். 'ரோல் மாத்துறேன், பொறுங்க' என்று அர்த்தம். சிராங்கூன் சாலைக் கோயில்களில் கல்யாணம் நடத்திவைக்கும் ஐயர்களுக்கெல்லாம் அந்தக் கை பழக்கம். மந்திரத்தைக் கொஞ்சம் இழுப்பார்கள். கை இறங்கியதும்தான் "கெட்டிமேளம்!" எத்தனையோ தம்பதிகளின் முகூர்த்தத்தை நிர்ணயித்தது அக்காவின் இடது கை. பஞ்சாங்கம் எழுதியவர்களுக்கு இது தெரியாது.

பிறகு பிலிம் கழுவித் தரும் லேப் ஒன்று மூடியது. இருந்த இன்னொன்று, படம் கொடுக்கப் பொங்கல் தீபாவளி பார்த்தது. நான் களத்தில் குதித்தேன். அதே தரம், அதைவிடத் துல்லியம், பிலிமே வேண்டாம்: மீடியம் ஃபார்மட் டிஜிட்டல். கல்லூரியில் செய்வதுபோல ஸ்லைடுகள் தயாரித்து, ஒரு மதியம் முழுக்க அக்காவுக்கு விளக்கினேன். அக்கா கறிபஃப் சாப்பிட்டபடி பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா?"

"நிறத்தைப் பத்தி இன்னும் ஒரு பகுதி இருக்குக்கா."

"தம்பி, எனக்கு ஒரே கேள்வி. தாலி கட்டுறப்ப காலை வாருமா, வாராதா?"

"வாரவே வாராதுக்கா. ரோல் மாத்துற வேலையே கிடையாது."

"சரி. கேமராக் கடைக்காரர் தெரிஞ்சவர்தான், ஒரு வாரத்துக்குச் சோதிக்கக் குடுப்பார். ஞாயித்துக்கிழமை கவிதா கல்யாணத்துல இதை வச்சே எடுப்போம். நல்லா வந்துச்சு, பிலிம் கேமராவை வித்துட்டு இதுக்கு மாறிடறேன். சொதப்புச்சு, கேமராவும் திரும்பிப் போகும், கூடவே நீயும் போவே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அக்கா சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் செய்யாமல் விட்டு நான் பார்த்ததில்லை. அது போதாதென்று, "மகன் பேச்சைக் கேட்டுத்தான் ஸ்டூடியோவையே மாத்துறாங்க" என்று செங்காங்கில் எங்கள் புளோக்கின் எல்லா மாடிகளுக்கும் அம்மா செய்தி அனுப்பிவிட்டார்.

கேமரா வந்தது. கையேட்டோடு வந்தது. படித்தேன். அதில் தடித்த எழுத்தில் ஓர் அறிவுரை: முக்கிய நிகழ்வுகளின்போது ஒவ்வொரு படத்தையும் இரண்டு மெமரி கார்டுகளில் பதிவு செய்வது பாதுகாப்பானது. தாலியைவிட முக்கிய நிகழ்வு உண்டா? கடைக்காரர் கொடுத்த புதிய கார்டை ஒரு துளையில் போட்டேன். இன்னொரு துளையில் என் பாலிடெக்னிக் காலத்துக் கார்டு. அது மெதுவான கார்டு. குறுகலான சாலையில் முன்னால் போகும் லாரி ஊர்ந்தால், பின்னால் வரும் எல்லாமே ஊர வேண்டியதுதான் என்று லாரிக்காரர் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையேட்டின் அடிக்குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை இருந்தது. அதையும் படித்தேன். (வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.)

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருப்பேன். கல்யாணத்தன்று காலையில் ஐயரிடம் போனேன்.

"சாமி, இன்னிக்கு அக்கா கையைப் பாக்க வேணாம். புது கேமரா. ரோல் கிடையாது. நீங்க உங்க நேரத்துக்குக் கெட்டிமேளம் சொல்லலாம்."

"அப்படியா! ரொம்ப சௌகரியம்" என்றார் ஐயர். அவரைப் பல வருட அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த பெருமையோடு, விளக்குக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு இடப்பக்கம், அக்காவுக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றேன்.

மாலை மாற்றும் நேரம். காலமெல்லாம் எண்ணி எண்ணி எடுத்தவர் அக்கா. முதல் இரண்டு படங்களுக்குப் பிறகு வழக்கம்போல் நிறுத்தினார். நான் பின்னாலிருந்து தூபம் போட்டேன்: "அக்கா, எண்ணாதீங்க! அடிச்சு விடுங்க!" அக்கா அடித்து விட்டார். முதல்முறை நீச்சல் குளத்தைப் பார்த்த குழந்தைபோல் அப்படி ஒரு குதூகலம். கவிதா சிரிக்க, மாப்பிள்ளை குனிய, கவிதா கழுத்தை நகர்த்த, எல்லாவற்றையும் கேமரா விழுங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு அதற்குச் செரிக்கவில்லை; கார்டில் ஏறும்வரை படங்கள் காத்திருக்கும் இடம் நிறைந்துவிட்டது. பின்பக்கத்தில் ஓர் ஆரஞ்சு விளக்கு மினுங்கத் தொடங்கியது. எழுதிக்கொண்டிருக்கிறது, தொந்தரவு செய்யாதே என்று பொருள். ஒவ்வொரு படமும் மலை. அந்த மலைகளை என் பழைய கார்டு கூடைகூடையாக அள்ளிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கையில் தாலியைக் கொடுத்துவிட்டார்கள். அக்கா பொத்தானை அழுத்தினார். கேமரா அசையவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆரஞ்சு விளக்கைப் பார்த்தேன்.

அக்கா இடது கையை உயர்த்தினார்.

ஐயர் அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, 'ஞாபகம் இருக்கு தம்பி, கவலைப்படாதே' என்பதுபோல் தலையாட்டிவிட்டு முழங்கினார்: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

மேளம் பொங்கியது. உறவினர்கள் மஞ்சள் அரிசியோடு கையை ஓங்கினார்கள். மாப்பிள்ளையின் கைகள் கவிதாவின் கழுத்தருகே போயின. என் வேலையும், அக்காவின் பெயரும், அம்மா புளோக் முழுக்கப் பரப்பிய செய்தியும் ஒரே நொடியில் கண்முன்னால் வந்தன. என்னையறியாமல் தொண்டை கிழியக் கத்தினேன்:

"நிறுத்துங்க!"

ஒரு தமிழ்க் கல்யாணத்தில், அந்த இடத்தில், ஓர் இளைஞன் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேளம் நின்றது. நாதஸ்வரம் ஒரு வாத்துபோல் கத்தி ஓய்ந்தது. மண்டபமே என் பக்கம் திரும்பியது. ஓர் அத்தை அவசரப்பட்டு அரிசியை முன்பே வீசிவிட்டார். நின்ற கல்யாணத்தில் அதுமட்டும்தான் நடந்துகொண்டிருந்தது.

அந்த அமைதியில், எங்கோ "க்ளிக்" என்றது.

அடுத்த கணம் என் சட்டைக் காலர் கவிதாவின் தாய்மாமா கையில் இருந்தது. பேருந்து ஓட்டுநர் அவர். ஸ்டியரிங் பிடித்த கை.

"யாருடா நீ? எங்க புள்ளைக்கும் உனக்கும் என்னடா?"

"மாமா... பஃபர் நிறைஞ்சிருச்சு மாமா."

"என்னது நிறைஞ்சுச்சு?"

மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடியே கவிதாவிடம், "தெரிஞ்சவரா?" என்று மெதுவாகக் கேட்டார். பாவம், குரலில் அப்படி ஒரு மரியாதை.

கவிதா உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஐயோ, போட்டோக்காரர் லா! கேமரா மாட்டிக்கிச்சு போல! மாமா, அவரை விடுங்க!"

ஐயர் மட்டும் கோபித்துக்கொண்டார். "தம்பி, நீதானே கையைப் பாக்காதேன்னு சொன்னே?"

அதற்குள் ஆரஞ்சு விளக்கு அணைந்திருந்தது. அக்கா மெல்லக் கையை இறக்கினார். "நல்ல நேரம் இன்னும் இருக்கு. ம், மேளம்!" என்றார் ஐயர். மாமா காலரை விட்டார். தாலி ஏறியது. படமும் விழுந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அக்கா என்னைவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். ஸ்டூடியோவுக்கு வந்ததும் நான் கேமராவைத் துடைத்து, கையேட்டோடு பெட்டியில் வைத்தேன். என் பையையும் எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரிய திரைக்கு முன் உட்கார்ந்திருந்த அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன்.

"இங்க வா" என்றார். கண்ணில் நீர், சிரித்துச் சிரித்து வந்த நீர்.

அந்த "க்ளிக்". விளக்கு அணைந்த நொடியில், அழுத்திக்கொண்டே இருந்த அக்காவின் விரலுக்குக் கேமரா கொடுத்த பதில். மணமக்களும் அவர்களைச் சுற்றி நின்ற மொத்த உறவும் ஒரே திசையில், என்னைப் பார்த்து உறைந்திருந்தார்கள். வீசிய மஞ்சள் அரிசி, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, காற்றில் நின்றது.

அக்கா படத்தைப் பெரிதாக்கினார். ஊதிய கன்னத்தோடு நாதஸ்வரக்காரர். இன்னும் பெரிதாக்கினார். வாயில் வெற்றிலையோடு ஒரு பெரியம்மா. இன்னும். மாப்பிள்ளையின் மீசைக்கு மேல் ஒரு துளி வேர்வை. அந்தத் துளியில் மண்டபத்து விளக்கு. எவ்வளவு உள்ளே போனாலும் படம் உடையவே இல்லை. ஓரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் மட்டும், என்னைப் பார்க்கவே முடியாமல் கண்ணை இறுக்க மூடி, குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிலிம்ல எடுத்திருந்தா இந்நேரம் ரோல் மாத்திக்கிட்டு நின்னுருப்பேன். இந்தப் படம் கிடைச்சிருக்குமா?" என்றார் அக்கா. பிறகு என் பையைப் பார்த்தார். "எங்க கிளம்பிட்டே? நாளைக்குக் கடைக்குப் போகணும். நல்ல கார்டா ரெண்டு வாங்கணும். உன்னோட அந்த ஓட்டைக் கார்டைக் குப்பையில போடு."

அன்று அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருந்தாலும் நியாயம்தான். அதனால் இன்றுவரை அவருக்குக் கறிபஃப் என் செலவு.

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கக் கவிதா வந்தார். தாலி கட்டும் படத்தை அழகாக இருக்கிறது என்று ஒதுக்கிவைத்துவிட்டு, நான் நிறுத்திய படத்தைத்தான் சுவர் அளவுக்குக் கேட்டார். காலரைப் பிடித்த மாமாவும் தனக்கு ஒரு பிரதி சொல்லிவிட்டிருந்தார். கவிதாவோடு அலுவலகத் தோழி ஒருத்தி வந்திருந்தாள். பச்சைச் சேலைக்காரி. பெயர் மீனா.

"சரி, பஃபர்னா என்ன?" என்றாள்.

விளக்கினேன். ஸ்லைடுகளும் கைவசம் இருந்தன. (அந்த விளக்கம் இன்னும் முடியவில்லை என்பது என் மனைவியின் புகார்.)

எங்கள் கல்யாணத்துக்கும் அதே ஐயர்தான். உட்கார்ந்ததும் குனிந்து கேட்டார்: "தம்பி, இன்னிக்குக் கையைப் பாக்கணுமா, வேணாமா?"

"பாருங்க சாமி. தயவுசெஞ்சு பாருங்க."

அக்காவின் கேமராவில் இப்போது வேகமான கார்டுகள். காத்திருக்கத் தேவையே இல்லை. ஆனாலும் இடது கை பழக்கத்தில் உயர்ந்தது, ஐயர் பழக்கத்தில் இழுத்தார், கை இறங்கியது. கெட்டிமேளம். தாலியோடு என் கை மீனாவின் கழுத்தை நெருங்கியது. குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி அவள் சொன்னாள்:

"நிறுத்துங்க."

க்ளிக்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. யார் வந்தாலும் அம்மா முதலில் சுவரைக் காட்டுவார். பிறகு ஐபேடில் அதே படத்தைத் திறந்து, இரண்டு விரலால் என் முகத்தைப் பெரிதாக்குவார். பிதுங்கிய கண், மீசைக்கு மேல் வேர்வை. எழுத்து எதுவானாலும் என் கையில் கொடுத்து என்ன போட்டிருக்கிறது என்று கேட்கும் அம்மா, இதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. அவரே விரல் வைத்து வாசித்துக் காட்டுவார்:

"பாருங்க, எம் புள்ள எப்படிப் பயந்துட்டான்!"