இறந்த பயனருக்கு அனுமதி இல்லை

ஊழியர்களைக் கசக்கிப் பிழியும் அலுவலகங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஊழியரைச் சாகவே விடாத அலுவலகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பெருமை நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு மட்டுமே உரியது. மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது. படிகள் நல்ல நிலையில் உள்ளன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அங்கே வேலை பார்த்த அவள் கணவர் வீட்டில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் அவர் ஒருவர்தான் கணினிக்காரர். அதனால் அங்கே அவருக்குப் பெயரே 'சிஸ்டம்'. வலது கையைத் தேய்த்து முடித்திருந்தார். போன் அடித்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

“சிவப்பு எழுத்தா வருதா சார்? வரட்டும். ஓகே அழுத்தாதீங்க. கடைசி வரியைப் படிங்க. இல்ல சார், முதல் வரி இல்ல. கடைசி வரி.”

“சட்டையைக் கொடுங்க, நான் தேய்க்கிறேன்,” என்றாள் அவள். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். அந்த ஒரு நிமிஷம் பத்தொன்பது நிமிஷம் ஓடியது. இடது கை கசங்கலோடே கிளம்பிப் போனார். பேருந்து நிறுத்தத்தில் ஒருவரிடம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

பதிமூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, அவள் இறப்புச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தாள். வெளியூரில் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி: தந்தையின் கையெழுத்து, அல்லது தந்தையின் இறப்புச் சான்றிதழ். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும்.

“நீ போட்டா ஒத்துக்க மாட்டாங்களாம்மா,” என்றாள் மகள்.

“அவங்க ஒத்துக்கிறதைக் கொண்டுவர்றேன். நீ துணிமணியை எடுத்து வை.”

தலைமை எழுத்தர் அன்றே விவரங்களை ஏற்றினார். சிஸ்டத்தின் மேல் அவருக்கு மிகுந்த மரியாதை. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் 'சேமி' பொத்தானை அழுத்தினார். சேமித்தது. அந்த நொடியோடு அலுவலகம் படுத்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

சாதாரண அலுவலகமாக இருந்தால் யாராவது அந்த எழுத்தைப் படித்திருப்பார்கள். இங்கே அப்படி அவசரப்படும் வழக்கம் கிடையாது. உடனே குழு அமைக்கப்பட்டது. 'தரவுத்தள அணுகல் இடர்நீக்கக் குழு' என்று அதற்குப் பெயர் வைப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. தலைவர், பதிவாளர். உறுப்பினர், தலைமை எழுத்தர். சிறப்பு அழைப்பாளர், தினக்கூலிக்கு அமர்த்தப்பட்ட இளம் ஆலோசகர். அவரை மட்டும் கூட்டத்துக்கு அழைக்க மறந்துவிட்டார்கள்.

முதல் நாள் மவுஸ்கள் துடைக்கப்பட்டன. இரண்டாம் நாள் நெட்வொர்க் கம்பிகள் கழற்றப்பட்டு, அதே இடத்தில் மாட்டப்பட்டன. மூன்றாம் நாள் பிழைச்செய்தியைப் போட்டோ எடுத்து, அச்சிட்டு, கோப்பில் இணைத்தார்கள். இரண்டு பக்கம் வந்தது. முதல் பக்கம் ஆலோசகருக்குப் போனது. இரண்டாம் பக்கம் குடிநீர்ப் பிரிவுக்குத் தகவலுக்காகப் போனது.

பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் இடறி விழுந்தால், எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போய் விழுந்தது என்று பட்டியல் போடும். பட்டியலின் தலைப்பிலேயே, அண்மைய அழைப்பு கடைசியில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். நிரலின் ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிடுவதுதான் அந்த அழைப்பு. குழு இந்தத் தலைப்பை ஆழ்ந்து ஆராய்ந்தது. அலுவலகத் தொலைபேசியிலிருந்து போன அண்மைய அழைப்புகளைப் பட்டியல் எடுக்கச் சொன்னது. எடுத்தார்கள். பழுது வருவதற்கு முன்பு போன கடைசி நீண்ட அழைப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, சிஸ்டத்தின் வீட்டு எண்ணுக்கு. பத்தொன்பது நிமிஷம். 'தொடர்பு இல்லை' என்று குறித்துக் கோப்பை மூடினார்கள்.

வியாழக்கிழமை காலை அவள் வந்தபோது பெஞ்சில் இடம் இல்லை. நாற்பது, ஐம்பது அப்பாக்கள், பிள்ளை பிறந்த சந்தோஷம் வடிந்து, சுவரைப் பார்த்து நின்றார்கள். தலைமை எழுத்தர் அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

“வாங்கம்மா. சிஸ்டம் இல்லம்மா.”

“தெரியும் சார். அதுக்குத்தான் சான்றிதழ் கேட்டேன்.”

“அவரைச் சொல்லலம்மா. இதைச் சொல்றேன்.” கணினியைக் காட்டினார். “நாலு நாளா எரர். வந்தா ஓகே அழுத்துறோம். திரும்பவும் வருது. அழுத்துறோம். எங்களால ஆனதைச் செய்யறோம்மா.”

அவள் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவள். இருபத்திரண்டு வருஷமாக, பிறர் கண் ஓடிப்போகும் இடங்களில் விரல் வைத்து நிற்பது அவள் தொழில். எழுத்து என்று கண்ணில் பட்டால் கடைசி வரை படிக்காமல் விட முடியாது. அது ஒரு வியாதி.

“ஓகே அழுத்தாதீங்க,” என்றாள். “கொஞ்சம் கீழே இறக்குங்க. இன்னும். இன்னும் கீழே.”

முப்பத்து நான்கு வரி. கடைசி வரி கறுப்பாக, சின்னதாக இருந்தது. இன்ன பயனருக்கு அனுமதி மறுக்கப்பட்டது, கணக்கு பூட்டப்பட்டுள்ளது. பயனர் என்று இருந்த இடத்தில் அவள் கணவரின் பெயர், தலைப்பெழுத்தோடு.

அவள் அந்தப் பெயரை ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். பிழை இல்லை.

“தம்பி,” என்று ஆலோசகரைக் கூப்பிட்டாள். “இவர் பேர் எதுக்கு இங்க இருக்கு?”

ஆலோசகர் எட்டிப் பார்த்தார். நான்கு நாளில் முதல்முறையாக அவருக்குத் திரையைக் காட்டியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“டேட்டாபேஸ்ங்கிறது பூட்டின ரூம் மாதிரி மேடம். இந்த நிரல் ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டி, ஒரு பேரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ள போகணும். நிரலுக்குன்னு தனியா ஒரு பேர் வெக்கணும். இங்க வெக்கல. சார் பேரைச் சொல்லித்தான் உள்ள போய்ட்டிருந்திருக்கு.”

“சரி. பூட்டினது யாரு?”

“இறந்த ஊழியர் கணக்கை உடனே மூடணும்னு மேலிடத்து உத்தரவு. அதுக்கும் ஒரு நிரல் இருக்கு. இறப்புப் பதிவேட்டைப் பார்த்துட்டே இருக்கும். ஊழியர் பேர் வந்தா மூடிடும்.” சற்று நிறுத்தினார். “அதையும் சார்தான் எழுதியிருக்கார். நல்லா எழுதியிருக்கார்.”

அவள் முன்னாலேயே குழு அவசரமாகக் கூடியது. ஆலோசகரும் அழைக்கப்பட்டார். சர்வர் அறைக்குள் போய், நேரடியாக டேட்டாபேஸுக்குள் நுழைந்து, நிரலுக்கென்று புதுக் கணக்கு தொடங்க இரண்டு நிமிஷம் போதும் என்றார் அவர். குழு சிரித்தது. புதுக் கணக்கு வேண்டுமென்றால் கணினிப் பொறுப்பாளர் விண்ணப்பிக்க வேண்டும். கணினிப் பொறுப்பாளர் காலமாகிவிட்டார்.

“அவர் ஏற்கெனவே விண்ணப்பிச்சிருக்கார் சார்,” என்றார் தலைமை எழுத்தர், மெதுவாக.

கோப்பு வந்தது. 'தனிப் பயனர் கணக்கு கோருதல் – தொடர்பாக.' ஆறு வருஷத்துக் கோப்பு, ஆறு நினைவூட்டல்கள். தனிக் கணக்கு கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தன் கணக்கையே பயன்படுத்துவதாக முதல் கடிதத்தில் எழுதியிருந்தார். ஆறாவது நினைவூட்டலோடு ஒரு விடுப்பு விண்ணப்பமும் குத்தியிருந்தது: நெஞ்சு வலி, பரிசோதனைக்காக இரண்டு நாள். தாள் மிச்சம் பிடிப்பதில் பெயர்பெற்ற பதிவாளர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே குறிப்பு எழுதியிருந்தார்.

'இவர் இல்லாவிடில் அலுவலகம் இயங்காது என்பதால் விடுப்பு அளிக்க இயலாது. அலுவலகம் நன்கு இயங்கி வருவதால் தனிக் கணக்கு தேவையில்லை.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். விடுப்பைப் பற்றி வீட்டில் அவர் சொன்னதில்லை. வலியைப் பற்றியும் சொன்னதில்லை. குறிப்பில் ஒற்றுப்பிழைகூட இல்லை.

பதிவாளர் தொண்டையைக் கனைத்தார். பெரிய முடிவுகளை எடுக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

“அம்மா, இது பொதுநலன். வெளிய பாருங்க. எத்தனை பச்சைக்குழந்தைங்க பேரில்லாம இருக்கு. தம்பியை விட்டு சர்வர் ரூம்லயே இறப்புப் பதிவை ரத்து பண்ணிட்டா அவர் கணக்கு திறந்துடும். ஆபீஸ் ஓடும்.”

“ரத்து பண்ணினா?”

“பதிவேட்டுப்படி அவர் பணியில தொடர்வார். எங்க சிஸ்டத்தை நாங்க விட்டுடுவமா?”

“என் பொண்ணுக்குச் சான்றிதழ் வேணுமே சார். நாளைக்கு அஞ்சு மணி.”

“அதுக்கும் வழி வெச்சிருக்கேன். உயிர்வாழ் சான்றிதழ் தர்றேன். 'இன்னாரின் தந்தை உயிருடன் உள்ளார். கையெழுத்திடும் நிலையில் இல்லை.' என் கையெழுத்து, முத்திரை, எல்லாம் போட்டு. எந்தக் காலேஜ் ஒத்துக்காது?”

தலைமை எழுத்தர் ஒரு படிவத்தை அவள் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து கொடுத்தார். இறப்பை ரத்து செய்ய, இறப்பைத் தெரிவித்தவர் கையெழுத்திட வேண்டும். அதுதான் விதி. படிவத்தில் ஒரே வாக்கியம்: 'என் கணவர் இறந்ததாக நான் அளித்த தகவல் தவறானது.'

அவள் நெடுநேரம் அந்த வாக்கியத்தைப் பார்த்தாள். அது உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று பதினாறு நாளாக அவள் கேட்காத சாமி இல்லை. இப்போது முத்திரையோடு வந்து நிற்கிறது. கையெழுத்துப் போட்டால் போதும்.

பேனாவை மூடினாள்.

“பிழை திருத்துறது என் வேலை சார். பிழையில கையெழுத்துப் போடறதில்ல.”

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. ஆபீஸ் நின்னுடும்.”

“அவர் இருந்தப்ப அவர் தலையில நின்னுச்சு. இப்ப உங்க தலையில நிக்கட்டும். நான் பெஞ்சில உக்காந்திருக்கேன்.”

பெஞ்சில் ஓர் அப்பா நகர்ந்து இடம் விட்டார். என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் சொன்னாள். கூட்டாமல், குறைக்காமல், வரிசையாக. அவர் பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். சாயங்காலத்துக்குள் மூன்றாம் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நூற்றுப் பத்து அப்பாக்கள் வந்திருந்தார்கள். இந்தமுறை யாரும் சுவரைப் பார்த்து நிற்கவில்லை. பதிவாளரின் கதவைப் பார்த்து நின்றார்கள்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. ஆறு வருஷமாகப் 'பரிசீலனையில்' இருந்த கோப்பு பதினொரு நிமிஷத்தில் கையெழுத்தானது. வேகத்தில் இது நகராட்சி வரலாற்றிலேயே ஒரு சாதனை. 'விண்ணப்பதாரரின் கோரிக்கை கனிவுடன் ஏற்கப்பட்டது' என்று எழுதி, விண்ணப்பதாரருக்கு ஒரு நகல் தபாலிலும் அனுப்பிவைத்தார்கள்.

ஆலோசகர் சர்வர் அறைக்குள் போனார். இரண்டு நிமிஷம். திரையிலிருந்து சிவப்பு போனது. அப்பாக்கள் வரிசையில் முதல் இடத்தை அவளுக்கு விட்டார்கள். அச்சுப்பொறி கர்ரென்று இழுத்து, சான்றிதழைத் துப்பியது. அவள் அங்கேயே நின்று முழுதும் படித்தாள்: பெயர், தந்தை பெயர், தேதி, இடம். எல்லாம் சரி. உண்மையில் சரி. பன்னிரண்டேகாலுக்கு அதைப் போனில் படமெடுத்து, கல்லூரியில் காத்திருந்த மகளுக்கு அனுப்பினாள்.

“வந்துருச்சும்மா,” என்றாள் மகள். இருவருமே உடனே போனை வைக்கவில்லை.

கிளம்பும்போது ஆலோசகர் படிவரை கூடவே வந்தார்.

“புதுக் கணக்குக்கு என்ன பேர் வெச்சீங்க தம்பி?”

அவர் சங்கடப்பட்டார். “ஆள் பேர் இல்லாம கணக்குக்கு அனுமதி கொடுக்க விதியில இடமில்லைன்னுட்டாங்க மேடம். அதனால என் பேர்ல போட்டிருக்கு. தற்காலிகமாத்தான்.”

அன்றிலிருந்து இன்றுவரை அலுவலகம் ஒருநாள்கூட நிற்காமல் இயங்குகிறது. அதற்காக நகராட்சி அதற்குப் பாராட்டுக் கேடயம் வழங்கியிருக்கிறது. ஆலோசகரின் தங்கைக்குச் சென்ற மாதம் கல்யாணம். மூன்று நாள் விடுப்புக் கேட்டிருந்தார். அவர் இல்லாவிடில் அலுவலகம் இயங்காதாம்.