என்கிட்டயே இருக்கட்டும்

சாவிக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. பூட்டுக்கடை வைத்திருப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் சாவியைக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள். நான் சொல்வது கொடுக்காமல் பிழைக்கிறவர்களை. அலுவலகக் காகித அலமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்காவது காகிதம் தேவைப்படும் நேரம் பார்த்துக் காணாமல் போகிறவர், அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிச் சாவியைத் தன் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, "போங்க, யார் வேணாம்னா? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க" என்று பெருந்தன்மை காட்டுகிறவர், இவர்கள் எல்லாரும் ஒரே கொடியில் காய்த்தவர்கள்தான். அந்தக் கொடியில் முற்றிப் பழுத்தவர், குடும்பக் காரின் சாவியை வைத்திருப்பவர்.

அடையாளம் காண்பது சுலபம். ஆள்காட்டி விரலைப் பாருங்கள். சாவி வளையம் அதில் சுற்றிக்கொண்டிருக்கும். பேசும்போது சுற்றும், நடக்கும்போது சுற்றும், யோசிப்பதாகக் காட்டிக்கொள்ளும்போது இன்னும் வேகமாகச் சுற்றும். மனைவி எதையாவது கேட்டால் மட்டும் சட்டென்று நின்றுவிடும்.

"ஏங்க, வண்டிய நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எங்க போகணும், சொல்லு. நானே கொண்டுபோய் விடறேன்."

கவனித்தீர்களா? மறுக்கவே இல்லை! சாவிக்காரர் வாயிலிருந்து 'கூடாது' என்ற சொல் வராது. "உனக்கு எதுக்கு சிரமம்?" என்பார். "அந்த ரோடு சரியில்ல" என்பார். "கிளட்ச் கொஞ்சம் தகராறு, என் காலுக்குத்தான் கட்டுப்படும்" என்பார். கதவைச் சாத்திவிட்டு விசிறி வீசும் மனிதர் அவர். சிறைக்குள் பஞ்சு மெத்தை விரித்துவிட்டால் அது பள்ளியறை ஆகிவிடுமா?

நாம் பார்க்கப்போகிற சாவிக்காரரின் மனைவி ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் சோதிக்கிறவர். ஓட்டுநர் உரிமம் உண்டு. காருக்கு வாங்கிய கடன் அவர் சம்பளத்தில்தான் கழிந்தது. ஆகவே கார் இருப்பதும் அவர் பெயரில். சாவி மட்டும் கிடையாது. வாங்கிய புதிதில் கேட்டதற்கு, "ஒரே சாவிதான் கொடுத்தாங்க. என்கிட்டயே இருக்கட்டும், நீ எங்கயாவது தொலைச்சிடுவ" என்று பதில் வந்தது. இப்போது ஊருக்கு வெளியே திறக்கும் புதுக்கிளைக்கு அவரைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொல்கிறார்கள். விடிகாலையில் போய்த் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் பேருந்து இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "யோசிப்போம்" என்றார் சாவிக்காரர். அவர் யோசிப்போம் என்றால், யோசித்து முடித்துவிட்டார் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காருக்குப் பக்கத்தில் நின்று, "அவ்வளவு தூரமெல்லாம் உன்னால முடியாதும்மா" என்று அன்பு ததும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுழன்ற சாவி விரலை விட்டுக் கழன்றது. எழும்பியது. மழைநீர்க் கால்வாயின் கம்பி இடுக்கில் குறி வைத்ததுபோல் விழுந்து, ஓடுகிற தண்ணீரோடு போயே போய்விட்டது.

"வளையம் லூசா இருந்திருக்கு" என்றார் சாவிக்காரர். "இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா செய்யறான்?"

அவர் உற்பத்தித் தரத்தைப் பற்றிப் பிரசங்கித்து முடிப்பதற்குள், மனைவி சாவி மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டார்.

மெக்கானிக் ஒரு வேனில் வந்தார். கொட்டாவி விட்டபடியே, "வண்டி யாரு பேர்ல?" என்றார். மனைவி காகிதங்களைக் காட்டினார். கதவுப் பூட்டின் அளவெடுத்து, வேனுக்குள் இருந்த இயந்திரத்தில் சாவியை வெட்டிவிட்டு, ஒரு சின்னக் கருவியை ஸ்டீயரிங்குக்கு அடியில் செருகினார்.

"வேற சாவி இருந்தா இப்பவே எடுத்துட்டு வாங்க. புதுசை வண்டியோட கம்ப்யூட்டர்ல பதியும்போது இங்க இல்லாத சாவியெல்லாம் செத்துடும். அப்புறம் அதை வெச்சுக் காதுதான் குடையலாம்."

"இருந்தது ஒண்ணுதான். அதுவும் போயிடுச்சு" என்றார் சாவிக்காரர்.

"ரெண்டு பதிஞ்சிருக்குன்னு காட்டுதே சார்."

சாவிக்காரரின் விரல் வெறுங்காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. "உங்க மெஷின்ல ஏதோ கோளாறு."

"மெஷின் எதுக்கு சார் பொய் சொல்லப்போகுது? அதுக்கென்ன பொண்டாட்டியா, புள்ளையா?"

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். போன வருடம் அலமாரியைத் துடைக்கும்போது, பழைய ஷூ பெட்டியில், ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இருந்த மாதிரியே வைத்துவிட்டார். கேட்டால், 'என்னை நம்பலையா?' என்று மூன்று நாள் முகம் தூக்கிவைக்கப்படும். கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. தன் காரை ஓட்டத் தானே திருட வேண்டுமா? அவராகக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தார். கொடுப்பார் என்று நம்பியதுதான் அந்த அம்மாள் செய்த ஒரே முட்டாள்தனம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல எங்கயாவது இருக்கா? நான் வேணா போய்த் தேடிப் பார்க்கட்டுமா?" என்று கணவரைக் கேட்டார்.

இதைவிட அகலமாக ஒருவருக்குக் கதவு திறந்துவிட முடியாது. 'இரு, பார்க்கிறேன்' என்றாலே போதும், மானமும் சாவியும் பிழைத்திருக்கும். ஆனால் சாவிக்காரருக்குப் பொய்யை விடுவதைவிடச் சாவியைச் சாகடிப்பது சுலபம்.

"இல்லைன்னா இல்ல. எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப அழிச்சிடுங்கண்ணா" என்றார் மனைவி, கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

மெக்கானிக் ஒரு பொத்தானை அழுத்தினார். வீட்டுக்குள் ஒரு காலுறை சாவியின் சவப்பெட்டியாயிற்று.

"புதுசு ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு போதும்" என்று ஒரு குரலும், "ரெண்டு" என்று ஒரு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. மெக்கானிக் நியாயம் பேசவில்லை. அவருக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. "வண்டி அவங்க பேர்ல இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை வெட்டப் போய்விட்டார்.

இரண்டையும் பதிந்து, இரண்டிலும் வண்டியைக் கிளப்பிக் காட்டி, மனைவியின் கையில் கொடுத்தார். ஒன்றைக் கணவரிடம் நீட்டிய மனைவி, மற்றதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு அங்கேயே நின்று பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தார்.

"சார், புதுக்கிளைக்கு நான் போறேன். இல்ல, யாரும் கொண்டுவந்து விட வேண்டாம். நானே ஓட்டிட்டு வந்துடுவேன்."

சாவிக்காரர் மனம் நொந்துபோனார். "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்" என்றார். கேட்ட வருடங்களெல்லாம் அவர் கணக்கில் ஏறவே இல்லை பாருங்கள்!

சிரிக்கிறீர்கள். நல்லது. "நம்ம வீட்டுல இந்த வேலையெல்லாம் கிடையாதுங்க, அவ எப்பக் கேட்டாலும் மறுபேச்சில்லாம கொடுத்துடுவேன்" என்று மார்தட்டவும் செய்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். கடைசியாக நீங்கள் வண்டியை எடுத்தபோது யாரைக் கேட்டீர்கள்?